பழைய கேமராவில் ஒட்டிய அம்புகள்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்ப வெளிய உடாதீங்க, எதுத்த ஊட்டு நாய் ஒண்ணு இருக்குது, ஒத்தச் செருப்ப மட்டும் தூக்கிட்டுப் போயிரும். உள்ளயே உட்டுருங்க. ஃபோன்ல பேசுனது நீங்கதானுங்களே? நவநீதன். சரி சரி. நாந்தான் சென்னியப்பன். உக்காருங்க. டீ போட்டு வெச்சிருக்கறன். நானே போட்டது, அதனால நல்லாருக்குதான்னு கேக்கமாட்டன்.

எங்கூட்டுக்காரி ஊர்ல இல்லீங்க. காங்கேயத்துல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கறா. கொழுந்தியாளுக்குக் கால்ல ஆபரேசன், ஒத்தாசைக்குன்னு போனவ. ஆபரேசன் ஆனவ இப்பக் கோயிலுக்கெல்லாம் நடந்து போயிட்டு வாறாளாம். ஒத்தாசைக்குப் போனவதான் இன்னும் வர்ல. சரி அத உடுங்க, கேமராவப் பாருங்க.

இதுதானுங்க பழசு. பயந்துராதீங்க, மேல ஒட்டியிருக்கறது செவப்பு அம்பு ஸ்டிக்கரு. நான் நம்ம திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசரா இருந்தனுங்க. துணில ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் உட்டது, எதுனாலும் அந்த எடத்துல ஒரு அம்பு ஒட்டிருவம். அம்பு எங்க காட்டுதோ அங்க தப்புன்னு அர்த்தம். உங்ககிட்டயும் மறைக்கக் கூடாதுன்னு எங்கெங்க கொறை இருக்குதோ அங்கெல்லாம் ஒட்டி வெச்சுட்டன். இந்த மூலைல பெயிண்ட் போயிருக்குது. புடிக்கிற எடம் வழவழன்னு ஆயிப்போச்சு. கண்ணு வெக்கிற ரப்பரு ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குது. கண்ண வெச்சுப் பாக்கற ஓட்டை இருக்குதில்லீங்க, அதுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கறதுதான் பெரிய கொறை. உள்ள பாத்தா மங்கலாத் தெரியும். நான் எப்பப் பாத்தாலும் அப்படித்தான். உள்ளதச் சொல்லித்தான விக்கோணும்.

பக்கத்துல இருக்கறது புதுசு. அது விக்கிறதுக்கில்லீங்க தம்பி. கேமரா தெரிஞ்சவரு வாறாரு, ரெண்டையும் ஒட்டுக்கா வெச்சுப் பாத்துட்டு அவரே ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதான் எடுத்து வெச்சன். நான் சொன்னா இந்த ஊட்டுல எடுபடறதில்ல. வெளியாளு சொன்னா எங்கூட்டுக்காரி கேப்பாளோ என்னமோ.

ரெண்டும் ஒரே கம்பெனி. ரெண்டும் மிர்ரர்லெஸ்தான், புதுசாப் பழகறவங்க முதமுதல்ல வாங்கற வகை. ரெண்டும் இருபத்தி நாலு மெகாபிக்சல். இதுல இருக்கற லென்சை அதுல மாட்டலாம், அதுல இருக்கறத இதுல மாட்டலாம். பேட்டரிகூட ஒண்ணுதானுங்க. அப்ப என்ன வித்தியாசம்னு கேப்பீங்க. புதுசுல திரையத் தொட்டா, தொட்ட எடத்துல ஃபோகஸ் ஆகும். பூச்சி நகந்தா ஃபோகசும் கூடவே நகரும். திரைய வெளிய இழுத்து இப்படித் திருப்பிக்கலாம், பாருங்க. மைக் இருக்குது, வீடியோ நல்லா வரும். ஃபோன் வயர்லயே சார்ஜ் போட்டுக்கலாம். பழசுல இதெல்லாம் ஒண்ணுமில்ல. தொட்டாத் தொட்டபடி கெடக்கும். திரை பின்னாடியே ஒட்டிட்டு இருக்கும். வெளிச்சம் கம்மியானா படம் புள்ளி புள்ளியா வரும்.

பழசுல எச்சா இருக்கறது இந்த ஓட்டை ஒண்ணுதான். வியூஃபைண்டர்னு சொல்றாங்க, கண்ண வெச்சுப் பாக்கறது. புதுசுல அத எடுத்துட்டான். தேவையில்லைன்னுதான எடுத்திருப்பான்? எத்தனை இஞ்சினியரு உக்காந்து யோசிச்சிருப்பாங்க. இத அவகிட்டச் சொன்னன். "அவங்களுக்குத் தேவையில்லைன்னா எனக்குந் தேவையில்லைன்னு ஆயிருமா மாமா?"ங்கறா. இப்படிப் பேசுனா என்னத்தச் சொல்றது.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? அந்த ஓட்டைல கண்ண வெச்சதும் பின்னாடி திரை தானா அணைஞ்சுரும். வெச்சுப் பாருங்க. அணைஞ்சுதா? பாக்கறவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். பக்கத்துல ஒருத்தன் நிக்கறானே, அவனுக்கு ஒண்ணுமில்ல. அதுக்கும் ஒரு அம்பு ஒட்டலாம்னுதான் பாத்தன். அது கொறையில்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்கன்னு இண்டர்நெட்ல போட்டிருந்துச்சு. உட்டுட்டன்.

எங்க பொண்ணு பிரதீபா காலேஜ் படிக்கறப்ப வாங்குனதுங்க இந்தப் பழசு. கொஞ்ச நாள் எடுத்தா, அப்பறம் வேலைக்குன்னு பெங்களூர் போயிட்டா, இது பீரோல கெடந்துச்சு. கோகிலா எப்ப இத எடுத்தா, எப்படிப் பழகுனான்னு எனக்குத் தெரியாது. கோகிலாமணி, எங்கூட்டுக்காரி. நான் வெடியால கம்பெனிக்குப் போனா பொழுது சாஞ்சுதான வருவன். ஒரு நாள் பாத்தா செவுத்துல ஒரு படம் மாட்டியிருக்குது. பச்சைக் கலர்ல என்னமோ ஒண்ணு, பெரிய பெரிய கண்ணு. என்னடி இதுன்னா, "நம்ம கருவேப்பிலைச் செடில இருந்த புழுதானுங்க மாமா"ங்கறா. சரின்னு சாப்புட உக்காந்துட்டன்.

அவளுக்குப் பூச்சிதானுங்க எல்லாம். மொட்டை மாடில தொட்டி வெச்சிருக்கறா, கருவேப்பிலை, செம்பருத்தி, அவரைன்னு. செடில பூச்சி புடிச்சா மத்தவங்க மருந்தடிப்பாங்க. இவ கேமரா எடுத்துட்டு ஓடுவா. பூச்சி எடுக்கறவங்களுக்கு வாட்சப்புல ஒரு குரூப்பாம். இவ படம் போட்டா, அவங்க பூச்சிக்குப் பேரு சொல்லுவாங்களாம். என்னையும் சேத்து உடுன்னன். சேக்கல.

போன ஆவணியோட நான் வேலைய உட்டு நின்னுட்டனுங்க. நின்னுட்டே துணி பாத்த காலு, மொழங்கால் போச்சு. ஊட்டுல உக்காந்தா பொழுது போகமாட்டேங்குது. டிவி எத்தனை பாக்கறது. சரி, இத்தனை நாளா அவகூட இருக்கல, இனியாச்சும் ஒட்டுக்கா இருக்கலாம்னு, அவ மாடிக்குப் போனா நானும் போவன். பின்னால நிப்பன். அவ குந்தி உக்காந்து ஓட்டைல கண்ண வெச்சான்னா அசையமாட்டா. மூச்சு உடறாளான்னே தெரியாது. "என்ன தெரியுது?"ம்பன். "கோகிலா, என்ன தெரியுது?"ம்பன். "ஒண்ணுமில்லீங்க மாமா, சித்த பொறுங்க"ம்பா. ஒண்ணுமில்லாததுக்கா அத்தனை நேரம் கண்ண வெச்சுட்டு இருக்கறது? உள்ளதச் சொல்றன் தம்பி, எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மாடில ரெண்டு பேரு இருக்கறம், ஆனா நான் ஒருத்தன் மட்டும் நிக்கற மாதிரி.

அவளுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு, அவ எடுத்ததுல நல்லதாப் பாத்துக் கொஞ்சம் பிரிண்ட் போட்டுட்டு வந்தன். சாப்பாட்டு மேசைல பரப்பி, லைட்டப் போட்டு, கண்ணாடிய மாட்டிட்டு ஒவ்வொண்ணாச் செக் பண்ணுனன். கம்பெனில பண்ற மாதிரியேதான். இதுல காலு வெட்டுப்பட்டிருக்குது, அம்பு. இதுல றெக்கை மங்கல், அம்பு. இதுல பூச்சி ஓரமாப் போயிருச்சு, நடுவுல வெறும் எலை, அம்பு. ஒரு படத்துல மட்டும் ஒண்ணுங் கண்டுபுடிக்க முடியல. அத எடுத்துத் தனியா வெச்சு, திரும்பவும் பாத்தன். மூலைல ஒரு தூசி இருந்துச்சு.

பொழுதோட அவ வந்து பாத்தா. சந்தோசத்துல பேச்சு வர்லன்னு நெனச்சுட்டன். உக்காந்து ஒவ்வொரு அம்பா நகத்துல பிச்சா. படத்து மேல இருந்த மினுமினுப்பும் சேந்து உரிஞ்சு வந்துருச்சு. "தப்பு எங்கன்னு தெரிஞ்சாத்தான திருத்த முடியும்"னன். "திருத்தறதுக்கு நான் எடுக்கலீங்க மாமா"ன்னா. அப்பறம் என்னத்துக்குத்தான் எடுக்கறது, நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்பறந்தான் இந்தப் புதுச வாங்குனன். அவ பொறந்த நாளைக்குன்னு. அவளுக்குத் தெரியாம விசாரிச்சு, பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பேசறவங்க வீடியோவெல்லாம் பாத்து வாங்குனன். ஃபோகஸ், மைக்கு, அதெல்லாம் எனக்கு அப்பறந்தான். எம்பட மனசுல பட்டது இந்தத் திரைதானுங்க. வெளிய இழுத்துட்டா ரெண்டு பேரும் ஒட்டுக்காப் பாக்கலாம். அவ புடிச்சிருப்பா, நான் பக்கத்துல நின்னு பாப்பன். அதுக்குத்தான் வாங்குனன், வேற எதுக்குமில்ல. அவ பெட்டியப் பிரிச்சு, எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்தா. "ஓட்டை எங்கீங்க மாமா?"ன்னுதான் முதல்ல கேட்டா.

மறுநா மாடிக்குப் போனம். செம்பருத்தில ஒரு பச்சை வெட்டுக்கிளி. வெயில்ல திரை சரியாத் தெரியல, கைய வெச்சு மறைச்சாத் தெரிஞ்சுது. நாந்தான் மறைச்சுப் புடிச்சுட்டன். "இன்னுங் கொஞ்சம் எடது பக்கம். மேல தூக்கு. காலு வெட்டுது பாரு. இப்ப, இப்ப அமுத்து"ன்னன். அமுத்துனா. அந்தப் படம் எப்படி வந்துச்சுங்கறீங்க, ஒரு அம்பு ஒட்ட முடியாது. பாரு கோகிலான்னு காட்டுனா, "இது நீங்க எடுத்தது"ங்கறா. நான் எங்கீங்க எடுத்தன்? அமுத்துனது அவ வெரலுதான?

அப்பறம் மெதுமெதுவா மாடிக்குப் போறதே கொறஞ்சுபோச்சு. போனாலும் நான் மத்தியானம் கண்ணசந்த நேரமாப் பாத்து, பழசத் தூக்கிட்டுப் போவா. புதுசு பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. புதுசு பழகோணும்னா பழசு கண்ணுல படக் கூடாதுன்னு, எடுத்து எம்பட பீரோல வெச்சுப் பூட்டிட்டன். சாவிய ஒளிச்சுக்கூட வெக்கல. காலண்டருக்குப் பின்னாடி எப்பவும் மாட்டற ஆணிலதான் மாட்டுனன். அவளுக்குந் தெரியும். ஆனா எடுக்கமாட்டா, கேக்கவும் மாட்டா. கேட்டுட்டா ஆச்சுன்னு நானும் உக்காந்திருக்கறன், அவளும் வேலையப் பாத்துட்டு இருக்கறா.

ஒரே ஒருக்கா சொன்னா. சமையக்கட்டுல நின்னுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம. "மாமா, அந்த ஓட்டைல கண்ண வெச்சாத்தான் நான் பாட்டுக்கு இருப்பன். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு"ன்னா. நான் பாட்டுக்குன்னா என்னங்க அர்த்தம்? நான் என்ன அவளக் கட்டியா போட்டு வெச்சிருந்தன்? போகாதன்னனா, எடுக்காதன்னனா? எந்த ஊட்டுல ஆம்பளை பொண்டாட்டிக்குக் கேமரா வாங்கிக் குடுத்துப் பக்கத்துலயும் நிக்கறான்? அத்தனையும் பண்ணுனவங்கிட்ட அப்படிச் சொல்லிப்போட்டு, கொழம்பத் தாளிக்கறா.

அந்த வாரமே தங்கச்சிக்கு ஆபரேசன்னு ஃபோன் வந்துச்சு. கெளம்பிட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாந்தான் வண்டில கொண்டுபோய் உட்டன். அங்க தோட்டம் பெருசு, பூச்சி எச்சா இருக்கும்னு இந்தப் புதுசப் பைக்குள்ள வெச்சு உட்டிருந்தன். பஸ் ஏறறப்ப எடுத்து எம்பட கைல குடுத்துட்டா. "பத்தரமா வெச்சுக்கங்க"ன்னா. பஸ்ஸு போனதுக்கப்பறமும் அதக் கைல புடிச்சுட்டே நின்னனுங்க.

தெனமும் ஃபோன் பண்ணுவன். சாப்புட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எல்லாங் கேப்பா. எப்ப வர்றன்னா மட்டும் "பாக்கலாங்க மாமா"ம்பா. சண்டை போட்டாச் சமாதானம் பண்ணலாம். பாக்கலாம் பாக்கலாம்னா நான் என்ன பண்றது. சலிச்சுப்போச்சுங்க தம்பி. நான் போடற டீயும் சலிச்சுப்போச்சு, இந்த ஊடும் சலிச்சுப்போச்சு. மாடிக்குப் போய்த் தண்ணி ஊத்தறன். பூச்சி இருக்குது, இல்லைங்கல. என்ன பூச்சின்னு சொல்றதுக்குத்தான் ஆளில்ல.

அதனாலதான் பழச வித்துப்போடலாம்னு முடிவு பண்ணுனன். அது இல்லைன்னு ஆயிட்டா அதையே நெனச்சுட்டு இருக்கமாட்டா. படம் எடுக்காம அவளால இருக்க முடியாது. அப்பப் புதுசத்தான தேடோணும்? புதுசு இங்கதான இருக்குது? அதுக்காவாச்சும் வருவா. விக்கறதுக்குன்னு இண்டர்நெட்ல போட்டத அவளுக்கும் வாட்சப்புல அனுப்பி வெச்சன், மறைக்கக் கூடாதில்லீங்களா. பாத்துட்டா, நீலக் கோடு வந்துருச்சு. பதிலு வர்ல. மறுநா நீங்க ஃபோன் பண்ணுனீங்க.

சரி, நீங்க பாத்தாச்சுங்களா? நானும் அப்ப இருந்து கவனிக்கறன், நீங்க ஒரு படங்கூட எடுத்துப் பாக்கல. வெலையக் கொறைக்கச் சொல்லல. புதுசு பக்கம் திரும்பவே இல்ல. ஓட்டைல மட்டும் கண்ண வெச்சுட்டு, ஒடனே எடுத்துட்டீங்க. மங்கலாத்தான இருந்துச்சு? உங்களுக்கும் மங்கல்தான்? அப்பக் கொறை கேமராலதான், எம்பட கண்ணுல இல்ல. குடுங்க இப்படி, இன்னொருக்கா பாக்கறன். இதென்னுங்க, ஓட்டைக்குப் பக்கத்துல வெரல்ல என்னமோ தட்டுது. அம்பு ஒட்டுனப்பக்கூடக் கவனிக்கல. சின்னதா ஒரு சக்கரம். சுத்தும் போலிருக்குதே. இதச் சுத்துனாத் தெளிவாயிருமோ என்னமோ.

என்ன தம்பி, கையப் புடிக்கறீங்க?

சுத்தக் கூடாதுங்களா? ஏன்? என்னது, அக்கா கண்ணுக்கு வெச்சதுங்களா? எந்த அக்கா?

சொல்லுங்க. கீழ குனிஞ்சுட்டா ஆச்சா. எங்க கோகிலாவா?

அந்தப் பூச்சி குரூப்பா நீங்க. அவதான் உங்கள இங்க அனுப்புனாளா. என்ன சொல்லித் தாட்டி உட்டா? கேக்கற வெலையக் குடுத்து வாங்கிட்டு வா, அந்தச் சக்கரத்த மட்டும் யாருஞ் சுத்தாமப் பாத்துக்கன்னாளா. அவ்வளவுதானா? என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களா? சரி.

அவ கண்ணுக்கு ஒரு பவரு, எம்பட கண்ணுக்கு ஒரு பவரு. அவ கண்ணுக்குத் தக்கன அது நிக்குது, அதனால எனக்கு மங்கல், உங்களுக்கும் மங்கல். அப்ப இது கொறையே இல்லைங்கறீங்க.

இல்ல, கோவமெல்லாம் இல்ல, உக்காருங்க. வயித்தெரிச்சல்தான், வேற ஒண்ணுமில்ல. எம்பட ஊட்டுல இருந்து எம்பட பொண்டாட்டி ஆள் உட்டு அவ கேமராவ வெலைக்கு வாங்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க? மாமா, அத விக்காதீங்கன்னு ஒரு வார்த்தை. குடுக்கமாட்டன்னா சொல்லியிருப்பன்? ஏன் அப்படிப் பாக்கறீங்க? குடுத்திருப்பன். புதுசையும் பழகிக்கன்னு சொல்லிக் குடுத்திருப்பன்.

தம்பி, ஒண்ணு கேக்கறன், உள்ளதச் சொல்லோணும். இது அவ கைக்குப் போயிட்டா அவ வருவாளா? இதுக்காகத் திரும்பி வரோணும்னு ஒரு காரணமாச்சும் இருந்துச்சு. அதையும் நான் எடுத்து உங்க பைல போட்டுட்டா, அப்பறம் இங்க அவளுக்கு என்ன இருக்குது? நானும் இந்தப் புதுசுந்தான்.

தெரியலீங்களா. எனக்கும் தெரியல.

பணத்த எடுக்காதீங்க. உள்ள வெய்ங்க. அவ பொருளுக்கு அவகிட்டயே பணம் வாங்கற அளவுக்கு நான் இன்னும் போகல. எடுத்துட்டுப் போங்க. சக்கரத்தத் தொட்டன், சுத்தல. நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? அத மட்டும் அவகிட்டச் சொல்லிருங்க.

சித்த நில்லுங்க, கடைசியா ஒருக்கா பாத்துக்கறன். கண்ணாடியக் கழட்டிப்போட்டுப் பாக்கறன். ஒண்ணுந் தெரியல தம்பி. வெளிச்சம் தெரியுது. அது சன்னலா இருக்கும். நீங்க நிக்கற எடத்துல என்னமோ கறுப்பா இருக்குது. இதுக்குள்ளதான் அவ அத்தனையையும் தெளிவாப் பாத்துட்டு இருந்திருக்கறா. நான் பின்னாடி நின்னுட்டு, என்ன தெரியுது, என்ன தெரியுதுன்னு கேட்டுட்டு இருந்திருக்கறன்.

இந்த அம்பெல்லாம் பிச்சுட்டுக் குடுக்கறன், இருங்க. இப்படியே அவ கைக்குப் போக வேண்டாம். மெதுவாத்தான் பிய்க்கோணும், இல்லைன்னா பெயிண்டும் வந்துரும். இது வந்துருச்சு. இதுவும் வந்துருச்சு. ஓட்டைக்குப் பக்கத்துல இருக்கறதுதான் வரமாட்டேங்குது. சக்கரத்து மேல படாம எடுக்கோணும், எனக்கு நகமும் இல்ல. வருது, வருது. வந்துருச்சு. பசை கொஞ்சம் நிக்குது பாருங்க. தேங்காயெண்ணெய் தொட்டுத் தொடைச்சாப் போயிரும். எண்ணெய எச்சா ஊத்தாம, ஓட்டைக்குள்ள எறங்காம, பஞ்சுல தொட்டு ஓரத்துல இருந்து தொடைக்கச் சொல்லுங்க, அவ அவசரக்காரி, நான் பக்கத்துல இல்லைன்னா...

வேண்டாம். ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பாட்டுக்குத் தொடைச்சுக்கட்டும்.